வாருங்கள், சேர்ந்து ஆடலாம்



செப்டம்பர் பிறந்தால் இங்கிலாந்தில் மாலை வகுப்புகளின் பருவம் தொடங்கிவிடும். நூலகத்து அறிவிப்புப் பலகையில் யோகா, பானை வனைதல், ஸ்பானிஷ் என்று வரிசையாகத் தாள்கள் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு தாள் பால்ரூம் நடன வகுப்புக்கானது. முன் அனுபவம் தேவையில்லை என்று அதிலேயே போட்டிருப்பார்கள். இங்குள்ள தமிழர்களான நம்மில் பலர் அதைப் படித்துவிட்டு, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நகர்ந்துவிடுகிறோம். இந்த மாதம் அந்தத் தாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய், வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட தம்பதிகளுக்கு இதைவிட நல்ல மாலைப்பொழுதை என்னால் சொல்ல முடியவில்லை.

நானும் என் கணவரும் கற்றுக்கொண்டிருக்கிறோம். இன்னும் தொடக்க வகுப்பில்தான் இருக்கிறோம். அந்த இடத்திலிருந்தே எழுதுகிறேன். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் எப்படி இருந்தன என்பது பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். புதிதாக வருகிறவருக்கு வேண்டியதோ அந்த முதல் சில வாரங்களின் செய்திதான்.

பால்ரூம் என்றதும் அரண்மனையும் சரவிளக்கும் கண்முன் வந்து நிற்கும். ஆனால் இன்று உலகின் பல நாடுகளில் வகுப்புகளில் சொல்லித்தரும் முறை 1920களின் லண்டனில் உருவானது. அதற்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து ஜாஸ் இசையும் ஃபாக்ஸ்ட்ராட் போன்ற புது ஆட்டங்களும் வந்து இறங்கின. ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவரிடம் கற்றவர் இன்னொருவரிடம் கற்றவரோடு ஜோடி சேர்ந்தால் கால் இடித்துக்கொண்டது. ‘டான்ஸிங் டைம்ஸ்’ மாத இதழின் ஆசிரியர் பிலிப் ரிச்சர்ட்சன், 1920ஆம் ஆண்டு மே மாதம் நடன ஆசிரியர்களை லண்டன் கிராஃப்டன் கேலரீஸுக்கு அழைத்து, உட்கார்ந்து பேச வைத்தார். அடுத்தடுத்த கூட்டங்களில் எந்தெந்த அடிகளை எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. 1924இல் இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்ஸிங் தனியாக ஒரு பால்ரூம் கிளையைத் தொடங்கியது. ‘டான்ஸிங் டைம்ஸ்’ 2022 வரை வந்துகொண்டிருந்தது. ஒரு மாத இதழின் மேசையிலிருந்து இவ்வளவு பெரிய காரியம் நடக்க முடிந்தது என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

இந்தக் கதையில் நமக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். லண்டன் வெம்பிளி ஈலிங் ரோட்டில் முருங்கைக்காய் வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு நடனக் கலைஞர் விக்டர் சில்வெஸ்டர் வெம்பிளிக்காரர் என்பது தெரியும்? அங்கே பாதிரியாராக இருந்தவரின் மகனாக 1900இல் பிறந்தவர் அவர். 1922இல் லண்டனில் நடந்த முதல் உலக பால்ரூம் போட்டியில் ஃபிலிஸ் கிளார்க் என்பவரோடு ஆடி வென்றார். 1927இல் அவர் எழுதிய நடனப் பாடநூல் பல பதிப்புகள் கண்டது. ஆனால் நம்மைப் போன்ற புதியவர்களுக்கு அவர் செய்த பேருதவி வேறு. அன்றைய இசைக்குழுக்கள் தங்கள் மனம்போன வேகத்தில் வாசித்தன. அதே வால்ட்ஸ் நடனத்துக்கான இசை ஒரு இரவு ஓடும், மறு இரவு தூங்கும். கால் பழகிய வேகத்தில் இசை வராவிட்டால் புதியவர் என்ன செய்வார்? 1935இல் சில்வெஸ்டர் தானே ஒரு இசைக்குழுவைத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உரிய வேகம் ஒரு இம்மியும் மாறாமல் வாசித்துப் பதிவு செய்தார். பிபிசி வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் அவருடைய நிகழ்ச்சி வழியாக ஏராளமானோர் வீட்டுக் கூடத்திலேயே கற்றார்கள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் வேகக் கணக்கு வைக்கும் அந்த முறை இன்றும் இருக்கிறது. வால்ட்ஸ் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 30 பார்கள் (தாளச் சுற்றுகள்), பாருக்கு மூன்று எண்ணிக்கை, ஆக நிமிடத்துக்கு 90 அடி. வியன்னா வால்ட்ஸ் கிட்டத்தட்ட அதன் இரட்டை வேகம். திரைப்படங்களில் பாவாடை சுழலச் சுழல ஆடுவது பெரும்பாலும் அதுதான். அதைப் பார்த்துப் பயந்து போகாதீர்கள். புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது மெதுவான வால்ட்ஸ். அடுத்து என்ன என்று யோசிக்க அதில் நேரம் இருக்கும்.

முதல் வகுப்பில் நடனம் இருக்காது, நடைதான் இருக்கும். இசையைப் போட்டுவிட்டு மண்டபத்தைச் சுற்றி நடக்கச் சொல்வார்கள். எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். கோயில் பிரகாரத்தை வலம் வந்து பழகிய நமக்கு இது நேர் எதிர். மூலையில் திரும்பும்போது உடம்பு தானாக மறுபக்கம் போகப் பார்க்கும். லீட் செய்பவருக்கு, அதாவது ஜோடியில் வழிநடத்துபவருக்கு, சுவர் எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பத்து ஜோடிகள் ஒரே தளத்தில் இடித்துக்கொள்ளாமல் ஆட முடிவது இந்த ஒரு விதியால்தான்.

பிறகு மூன்று அடிகள். லீட் செய்பவர் இடது காலை முன்னே வைக்கிறார். எதிரில் இருப்பவர் வலது காலைப் பின்னே எடுக்கிறார். இரண்டுக்கு இருவரும் பக்கவாட்டில் போகிறார்கள். மூன்றுக்குக் கால்கள் சேர்கின்றன. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? நுட்பம் மூன்றில் இருக்கிறது. கால் போய்ப் பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது, உடம்பின் எடை முழுவதும் அந்தக் காலுக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அடுத்த ‘ஒன்று’ வரும்போது எந்தக் காலை எடுப்பது என்று தெரியாது. இரண்டு காலும் பாரத்தோடு தரையில் ஊன்றியிருக்கும். புதியவர்கள் நடுத்தளத்தில் சட்டென்று நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். அடி மறந்துவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அடி நினைவிருக்கிறது, எடைதான் மாறவில்லை. இதை வீட்டில் அடுப்படியில் நின்றே பழகலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றில் மறுகாலைச் சற்றே தூக்கிப் பாருங்கள். தடுமாறாமல் தூக்க முடிந்தால் எடை மாறிவிட்டது என்று பொருள்.

எழுவதும் தாழ்வதுமான அந்த அலை அசைவு வால்ட்ஸுக்கே உரிய அழகு. ‘ஒன்று’ முடியும்போது எழத் தொடங்கி, மூன்று முடியும்போது இறங்க வேண்டும். அதற்கு அவசரம் வேண்டாம். தானாக வரும்.

இப்போது இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கணவன் மனைவி சேர்ந்து கற்கும்போது சிக்கல் காலில் வருவதில்லை, வாயில்தான் வருகிறது. “நீ ஏன் முன்னாடியே போறே?” “நீங்க இழுத்தீங்க, அதான் போனேன்.” எந்தத் தொடக்க வகுப்புக்குப் போனாலும், எந்த மொழியிலாவது, இந்த உரையாடல் ஒரு மூலையில் நடந்துகொண்டிருக்கும். இதில் வெறுத்துப்போய் நான்காம் ஐந்தாம் வாரத்தோடு நின்றுவிட்ட தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆட முடியாதவர்கள் அல்ல. ஒருவருக்கொருவர் ஆசிரியராகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஆசிரியை முதல் நாளே ஒரு விதி போட்டார். ஜோடியைத் திருத்தாதீர்கள், உங்கள் உடம்பைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றார். ‘நீங்கள் தள்ளுகிறீர்கள்’ என்று சொல்லக் கூடாது. ‘எனக்குப் பின்பக்கமாகச் சாய்கிறது’ என்று சொல்லலாம். வெறும் மரியாதைப் பேச்சு என்று முதலில் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் உடம்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நகரும்போது, தவறு எங்கே தொடங்கியது என்று அந்த இருவராலும் சொல்ல முடியாது. நான் நிலை தவறினால், என் கணவர் இழுத்தது போலத்தான் எனக்குத் தெரியும். அவர் தலை குனிந்து காலைப் பார்த்தால் அவருடைய மேலுடம்பு முன்னே வரும், நான் பின்னால் சரிவேன். அவருக்கோ நான் விலகிப் போவதாகத் தோன்றும். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு மட்டுமே உண்மை தெரியும். ஆகையால் திருத்தும் வேலையைச் சம்பளம் வாங்குகிறவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் எங்கள் ஆசிரியை கொடுத்த பயிற்சியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இசை இல்லை, அடிகளும் இல்லை. பிடித்தபடி நிற்க வேண்டும், ஃபாலோ செய்பவர், அதாவது பின்தொடர்பவர், கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். லீட் செய்பவர் தன் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெல்ல மாற்ற வேண்டும், கையை அசைக்காமல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கணவரின் வலது கை என் இடது தோள்பட்டை எலும்பின் மேல் இருந்தது. என் இடது கை அவருடைய மேற்கையில் இருந்தது. சிறிது நேரம் எதுவும் தெரியவில்லை. ஹீட்டரின் முனகலும் பக்கத்து ஜோடியின் மூச்சும்தான் கேட்டன. பிறகு அவருடைய விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்க, என் வலது பாதம் கனக்கத் தொடங்கியது. அவர் இடது காலுக்கு மாறியிருக்கிறார். நானும் மாறினேன். திரும்ப அவர் வலதுக்கு வந்தார், நான் இடதுக்கு வந்தேன். இப்படியே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தோம். கையால் தள்ளுவதும் இழுப்பதும் லீட் அல்ல என்பது அந்த நாலைந்து நிமிடத்தில் எங்கள் இருவருக்கும் புரிந்தது. உடம்பு போகிற திசையைக் கைகள் தெரியப்படுத்தினால் போதும். அதனால்தான் கைகளைத் துவளவும் விடாமல், விறைக்கவும் விடாமல் ஒரே வடிவத்தில் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளுக்கு இது தனியான சவால். ஒருவர் வாயைத் திறக்கும் முன் மற்றவருக்குப் பதில் தெரியும். காபியா டீயா என்று கேட்கவே தேவையில்லை. அந்தப் பழக்கத்தோடு தளத்தில் இறங்கினால், அவர் அடுத்து இதைத்தான் செய்வார் என்று ஊகித்து, அவர் தொடங்கும் முன்பே நம் கால் போய்விடும். ஃபாலோ செய்வதில் கடினமானது இந்தக் காத்திருத்தல்தான். வருகிற அடி வந்து சேரும்வரை பொறுக்க வேண்டும். லீட் செய்பவருக்கோ நேர்மாறான கடமை. தாளம் வரும் முன்பே முடிவு எடுத்துவிட வேண்டும், எடுத்ததைத் தயங்காமல் செய்ய வேண்டும். “எங்கே போகலாம்?” “உங்க இஷ்டம்” என்று பேசியே காலம் கழித்த வீடுகளில் இரண்டுமே புதுப் பாடங்கள். இத்தனை வருடம் கழித்து, தெரியாத ஒன்றின் முன் இருவரும் சமமாக நிற்பது எவ்வளவு அரிய வாய்ப்பு! சமையலில் ஒருவர் கெட்டிக்காரர், வரவு செலவில் இன்னொருவர். இங்கே இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆண்தான் வழிநடத்த வேண்டுமா, பெண் பின்தொடரத்தான் வேண்டுமா என்று நம் இளம் வாசகிகள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். பழைய பாடநூல்கள் அப்படித்தான் எழுதின. இன்றைய வகுப்புகளில் யாரும் எந்தப் பக்கத்தையும் கற்கலாம். பல மண்டபங்களில் பெண்கள் அதிகம் இருப்பதால் அவர்களில் சிலர் நெடுங்காலமாகவே லீட் செய்து வருகிறார்கள். பிபிசியின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’ நடனப் போட்டி நிகழ்ச்சியில் 2020இல் முதன்முறையாக இரண்டு பெண்கள் ஜோடியாகப் போட்டியிட்டார்கள், குத்துச்சண்டை வீராங்கனை நிக்கோலா ஆடம்ஸும் நடனக் கலைஞர் கேட்யா ஜோன்ஸும். என் கருத்து, இரண்டு பக்கத்தையும் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பின்னோக்கியே நடக்கும் ஃபாலோ செய்பவரால் போகிற வழியைப் பார்க்க முடியாது. முழு நம்பிக்கையோடுதான் காலை எடுத்து வைக்கிறார். அவரை யார் மேலும் மோதவிடாமல் கொண்டுபோவதுதான் லீட் செய்பவரின் முதல் கடமை. ஒருமுறை அந்த இடத்தில் நின்று பின்னோக்கி நடந்து பார்த்தவர் நல்ல லீடராகிறார்.

வகுப்பில் ஜோடிகளை மாற்றி மாற்றி ஆடச் சொல்வார்கள். சிலருக்கு இது கூச்சம். விருப்பமில்லை என்றால் சொல்லிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முடிந்தவர்கள் ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே ஜோடியோடு மட்டும் ஆடினால் ஒருவர் தவறை இன்னொருவர் தாங்கிக்கொண்டே போவோம், தவறு பழக்கமாகிவிடும். அறிமுகமில்லாத ஒருவரோடு ஆடும்போது நம் லீட் புரிகிறதா இல்லையா என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.

கூச்சம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பொது இடத்தில் கை கோத்து நடந்திராத தம்பதிகள் நம்மில் நிறையப் பேர். கடைத்தெருவில் அவர் நாலடி முன்னே போவார், இவர் பின்னே வருவார். அப்படிப் பழகியவர்களுக்கு, ஒரு மண்டபத்தில் பத்துப் பேர் முன்னால் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து ஒரு பாட்டு முழுக்க நிற்பதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். ஆனால் எல்லோரும் எண்ணிக்கையில் மூழ்கியிருப்பதால் உங்களை யாரும் பார்க்கப் போவதில்லை.

காலணி பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டவே வேண்டாம். உடம்பு திரும்பும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், திருகல் முழுவதையும் முழங்கால் வாங்கும். நடனக் காலணியின் அடியில் மெல்லிய ஸ்வேட் தோல் இருக்கும். வழுக்கியும் வழுக்காமலும் பாதம் நகர அதுதான் வழி. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. ஈரம் பட்டால் தோல் கெட்டுவிடும். தொடக்கத்தில் புதிதாக வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் தோல் அடிப்பாகம் கொண்ட பழைய ஷூவே போதும். புடவையில் வந்து ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆடலாம். ஆனால் கணுக்காலுக்கு மேல் இருக்கும்படி கட்டுங்கள். பின்னோக்கி வைக்கும் நீளமான அடிக்குக் கொசுவம் தடை. சல்வாரே வசதி.

உடல்நலம் பற்றியும் கேட்பீர்கள். 2003இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வாசிப்பு, சதுரங்கம் போன்ற பலகை ஆட்டங்கள், இசைக்கருவி வாசித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது. உடலுழைப்பு சார்ந்த பொழுதுபோக்குகளில் அப்படித் தெரிந்தது நடனம் ஒன்றுதான். நடனம் ஆடினால் மறதி வராது என்று இதற்குப் பொருளில்லை. நல்ல நிலையில் இருந்தவர்களே ஆடப் போயிருக்கவும் கூடும். ஆனாலும் இசையைக் கேட்டு, அடுத்த அடியை நினைத்து, எதிரில் இருப்பவரை உணர்ந்து, பக்கத்து ஜோடியைத் தவிர்த்து, எல்லாம் ஒரே நேரத்தில் செய்யும்போது மூளைக்கு ஓய்வில்லை என்பதற்கு வகுப்புக்கு வருகிற எவரும் சாட்சி. மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

கொஞ்சம் தேறிய பிறகு பிளாக்பூலுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே விண்டர் கார்டன்ஸில் இருக்கும் எம்ப்ரஸ் பால்ரூமில் 1920 முதல் உலகப் புகழ்பெற்ற போட்டித் திருவிழா நடக்கிறது. ஆனால் நம்மைப் போன்றவர்கள் போக வேண்டிய இடம் டவர் பால்ரூம். 1899இல் திறந்தது. 1956 டிசம்பரில் தீயில் சேதமானதை 1958இல் பழையபடியே மீட்டெடுத்தார்கள். 30,000க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளை இழைத்துப் பதித்த தளம், மேடையில் வுர்லிட்ஸர் ஆர்கன். கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் நுழையலாம். சுற்றிலும் மேசை போட்டு டீயும் ஸ்கோனும் சாப்பிடுகிறார்கள். பிடித்த பாட்டு வந்ததும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து ஆடுகிறார்கள். எண்பது வயதுத் தம்பதிகள் அடியைச் சிறிதாக்கிக்கொண்டு, தாளம் பிசகாமல் போவதைப் பார்க்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்த ஆட்டம் அந்நியமல்ல. சென்னை பெரம்பூரிலும் திருச்சி பொன்மலையிலும் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் ஆடிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் குடும்பங்களில் பல பின்னாளில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டன. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த நம் வாசகர்கள் சிலருக்கு, ஜன்னல் வழியாக அந்த இசையைக் கேட்ட நினைவு இருக்கும். அந்த நடனங்களைப் பார்த்தவர்கள், ஆடியவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். புகைப்படம் இருந்தால் நகல் அனுப்புங்கள், அசலை அனுப்ப வேண்டாம். டிசம்பர் இதழில் இதற்காகச் சில பக்கங்களை ஒதுக்கி வைக்கிறோம்.

செப்டம்பரில் வகுப்பில் சேர்ந்தவர்களும் எழுதுங்கள். எந்த ஊர், எந்த மண்டபம், வாரத்தில் எந்த நாள், கட்டணம் என்ன என்ற விவரங்கள் மற்றவர்களுக்கு உதவும். முதல் வாரத்தில் இருவரில் ஒருவருக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலான வகுப்புகளில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்